நிறுத்த முடியவில்லையே, ஏன்?

குடி குடியைக் கெடுக்கும். இது எல்லோருக்கும் தெரியும். குடிப்பவருக்கும் தெரியும். காலையில் பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார். மாலையில் கடைக்குப் போய்விடுகிறார். "இவருக்கு மனசே இல்லையா?" என்று வீட்டில் அழுகிறார்கள். காரணம் மனசில் மட்டும் இல்லை. மூளையிலும் இருக்கிறது.

புனே நகரில் வானவடி என்ற பகுதி உள்ளது. ஆயுதப் படை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. 1948-ல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. இராணுவத்துக்கு வேண்டிய டாக்டர்கள் அங்கே படிக்கிறார்கள். மனநோய் மருத்துவமும் அவர்களுக்கு ஒரு பாடம். அந்தப் பாடத்தில் குடிக்கு அடிமையாவது ஒரு நோய். அந்த நோய் எப்படி வருகிறது?

மூளையின் தூதர்கள்

நம் மூளையில் கோடிக்கணக்கான நரம்பு செல்கள் உள்ளன. இவை ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. செய்தியைக் கொண்டுபோகும் தூதர்கள் சில இரசாயனப் பொருள்கள். சில தூதர்கள் இரத்தத்தில் கலந்து தூரத்து உறுப்புக்கும் போவார்கள். அவற்றை ஹார்மோன் என்கிறோம்.

டோபமின் ஒரு தூதர். பசிக்குச் சோறு கிடைத்தால், நாலு பேர் பாராட்டினால், டோபமின் கூடும். "இது நன்றாக இருக்கிறது, இன்னும் வேண்டும்" என்று மூளை குறித்துக்கொள்ளும். மதுவும் டோபமினைக் கூட்டுகிறது. உழைக்காமல் கிடைக்கும் இந்த இன்பத்தையும் மூளை குறித்துக்கொள்கிறது. பிறகு கடையைப் பார்த்தாலே ஆசை எழுகிறது.

மூளையை அமைதிப்படுத்தும் தூதரும் உண்டு. விழிப்பாக வைக்கும் தூதரும் உண்டு. மது முதல் தூதரைத் தூண்டுகிறது. இரண்டாவது தூதரை அடக்குகிறது. மூளையின் முன்பகுதிதான் நம் நிதானத்தைக் காக்கிறது. அது மந்தமாகிறது. அதனால் கூச்சப்படுபவர் வாய் திறந்து பேசுகிறார். இன்னும் குடித்தால் வாய்ச்சண்டை கைகலப்பாகிறது. ஆனால் இதைச் சாக்காகச் சொல்லக் கூடாது. குடித்துவிட்டு மனைவியை அடிப்பதும் குற்றமே.

சிறுநீரை அளவாக வைக்கும் ஹார்மோன் ஒன்று உண்டு. மது அதையும் அடக்குகிறது. குடித்தவர் அடிக்கடி சிறுநீர் கழிப்பது இதனால்தான். மறுநாள் நாக்கு வறள்வதற்கும் இது ஒரு காரணம்.

திடீரென்று நிறுத்தினால்

தினமும் குடித்தால் மூளை மதுவுக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்கிறது. முன்பு ஒரு கிளாஸில் கிடைத்தது இப்போது மூன்றிலும் கிடைப்பதில்லை. குடிக்காத நாளில் விழிப்புத் தூதரின் கை ஓங்குகிறது. கை நடுங்குகிறது. வியர்க்கிறது. தூக்கம் வருவதில்லை. மன அழுத்த ஹார்மோனும் கூடுகிறது. எரிச்சல் வருகிறது. அந்தத் துன்பம் தாங்காமல் மறுபடியும் குடிக்கிறார்.

பல வருடமாக அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். புத்தி தடுமாறலாம். உயிரும் போகலாம். ஆகவே அவரை அறையில் பூட்டி வைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அவருக்குத் தெரியாமல் சோற்றில் மருந்து கலந்து கொடுக்காதீர்கள். சில மருந்துகள் மதுவோடு சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து.

உறவின் ஹார்மோன்

ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் பிரசவ வலியைத் தூண்டுகிறது. தாய்ப்பால் இறங்கவும் உதவுகிறது. மாடு பால் சுரக்கச் சிலர் சட்டத்தை மீறிப் போடும் ஊசியில் இருப்பதும் இதுதான். மனிதருக்குள் பாசத்திலும் நம்பிக்கையிலும் இதற்குப் பங்கு உண்டு. எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது அவை குறைவாகக் குடித்தன. மனிதரின் குடியை நிறுத்தும் மருந்தாக இது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. யாராவது ஊசி விற்றால் நம்பாதீர்கள்.

ஆனால் உறவும் துணையும் ஊசி இல்லாமலே உதவும். பலர் கூட்டாளிகளுக்காகத்தான் கடைக்குப் போகிறார்கள். கடையை விட்டால் கூட்டாளிகளும் போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் வேறு துணை வேண்டும்.

புனேயில் 1986-ல் முக்தாங்கண் என்ற மையம் தொடங்கப்பட்டது. டாக்டர் அனிதா அவச்சட்டும் அவர் கணவர் எழுத்தாளர் அனில் அவச்சட்டும் தொடங்கினார்கள். மராத்தி எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டே பண உதவி செய்தார். குடியை விட்டவர்களே அங்கே புதிதாக வருபவர்களுக்கு வழி சொல்கிறார்கள். மனைவிமாரும் கூடிப் பேசுகிறார்கள். சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார். அவருடைய கணவர் குடியால் இறந்தவர்.

குடியை விட்டவர் சில நேரம் மறுபடி தவறலாம். சர்க்கரை நோய் கூடினால் மறுபடி டாக்டரிடம் போகிறோம். இதற்கும் அப்படியே போக வேண்டும். "நீ உருப்பட மாட்டாய்" என்று சொல்வதால் பயன் இல்லை. ஆலோசனைக்கு 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் தெருவில் குடியை விட்டவர் யாராவது உண்டா? அவருக்கு யார் துணை நின்றார்கள்?
2. கடைக்குப் போகும் அந்த மாலை நேரத்துக்கு உங்கள் ஊரில் வேறு என்ன ஏற்பாடு செய்யலாம்?