கேளாமற் செய்த உடன்படிக்கை

காரைக்காலை அடுத்த கிளிஞ்சல்மேடு எம்மூர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காரைக்கால் துறையினின்றும் ரெயூனியன், மார்த்தினீக்கு முதலிய பிரெஞ்சுத் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறினார் பலர். அவர் கதையை எம்மூரார் ஓரளவு அறிவர். ஆயின், இதே கடலின் தென்பாலுள்ள இலங்கையினின்றும் பெயர்க்கப்பட்டு இக்கரை சேர்ந்த மலையகத் தமிழர் கதையை அறிந்தார் சிலரே. அதனை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றேன்.

இலங்கை மலைச்சாரல்களிற் காப்பியும், பின்னர்த் தேயிலையும் பயிரிடுவதற்கென்று ஆங்கிலத் துரைமார் கங்காணிகளைக் கொண்டு தமிழ்நாட்டுக் குடும்பங்களை அழைத்துச் சென்றனர். லயங்களிலே பல தலைமுறை கழிந்தன. 1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே எழுந்த குடியுரிமைச் சட்டம், தந்தை, பாட்டன் முதலியோர் அத்தீவிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த தோட்டத்தில் அச்சான்றுக்கு எங்கே போவது? 1947 தேர்தலில் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அம்மக்கள், 1949இல் வாக்குரிமையும் இழந்தனர்.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். நாடற்றோராகிய 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரவேண்டும். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டனர். மந்தையைப் பங்கிடுவார்க்கும் இவர்க்கும் வேற்றுமை யாது? தோட்டத் தொழிலாளர் தலைவராகிய தொண்டமானையேனும் கலந்து கேட்டாரில்லை.

பெயர்க்கப்படுவோரைக் கேளாமலே உடன்படிக்கை எழுதுதல் புதியதன்று. அமெரிக்காவிற் செரோக்கி என்னும் பழங்குடியார், செக்கோயா என்பவர் வகுத்த எழுத்தால் 1828 முதல் செய்தித்தாளும் நடத்திய மக்கள். அவர் நிலத்தை ஜார்ஜியா நாட்டார் விரும்பினர். அந்நாட்டுச் சட்டத்தை எதிர்த்துச் சிறைப்பட்டவருள் சாமுவேல் வூஸ்டர் என்னும் மிஷனெரி ஒருவர். யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் கல்விச்சாலைகள் கண்ட அமெரிக்க மிஷன் சங்கமே அவரையும் அனுப்பியதாகும். 1832இல் உச்சநீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தும் பயனில்லை. 1835இல் ஒரு சிறு கூட்டத்தார் கையொப்பமிட்ட உடன்படிக்கையைக் காட்டி, தலைவர் ஜான் ராஸின் மறுப்பையும் பொருட்படுத்தாது, 1838இற் படையைக் கொண்டு அவருட் பெரும்பாலாரை மேற்கே ஓட்டினர். ஏறத்தாழ 16,000 பேரில் 4,000 பேர் மாண்டனர் என்பர். அவ்வழிக்குக் கண்ணீர்ப்பாதை என்று பெயர்.

மலையகத்தார் விண்ணப்பம் எழுதித் தாமே வந்தனரன்றோ எனின், அற்றன்று. இலங்கைக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தோரே மிகுதி. இடமோ மூன்று லட்சம். 1970ஐ அடுத்த ஆண்டுகளிற் றோட்டங்களைத் தாக்கிய பசியும் பலரைப் பெயர்த்தது. ஒரு குடும்பத்திலேயே தாய் தந்தையர் ஒரு நாட்டுக்கும், வளர்ந்த பிள்ளைகள் மற்றொன்றுக்கும் உரியரானதுண்டு. தலைமன்னாருக்கு அவரை ஏற்றிச்சென்ற புகைவண்டிக்கு மலைநாட்டார் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'. செரோக்கியர் கண்ணீர்க்கும் இதற்கும் இடையே நூற்றாண்டுக்கு மேல் உண்டு. பெயரிட்டாரோ ஒருவரையொருவர் அறியார்.

தலைமன்னாரினின்று கப்பலில் இராமேசுவரம். அங்கிருந்து மண்டபம் முகாம். 1984இற் கப்பல் நிற்குமுன் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு வந்தனர். சிலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. கொழுந்து கிள்ளப் பழகிய கைக்கு மீண்டும் கொழுந்தே. கடன் பெற்றுக் கடை வைக்கச் சமவெளியில் விடப்பட்டோர் பலர், வாணிகம் அறியாமையால் முதலையும் இழந்தனர். இலங்கையில் எஞ்சிய நாடற்றோர்க்கு 2003இற்றான் சட்டத்தால் குடியுரிமை கிட்டியது.

இலங்கையில் இவரைக் 'கள்ளத்தோணி' என்று இகழ்ந்தனர். நீலகிரியிற் 'சிலோன்காரர்' என்கின்றனர்.