சோதனை தொழிலாளிக்கு, செலவும் தொழிலாளிக்கு

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் உடம்போடு மனதையும் சோதித்துத்தான் அனுப்ப வேண்டும் என்று இந்தோனேசியா 2004-இல் சட்டம் போட்டது. அந்த ஆண்டின் 39-ஆம் எண் சட்டப்படி, தேறாதவரை முகவர் நிறுவனம் அனுப்பக் கூடாது என்றிருந்தது. மீறினால் 1 முதல் 5 ஆண்டு சிறை, 100 கோடி முதல் 500 கோடி ரூபியா வரை அபராதம், அல்லது இரண்டும் என்று தண்டனை இருந்தது. சோதனையை நடத்தும் முறைக்கென்றே 2011-இல் 64-ஆம் எண் அதிபர் ஆணை வந்தது. தேவையான விதிதான். ஊர் பேர் தெரியாத வீட்டில் இரண்டு வருடம் தங்கி வேலை பார்ப்பது எல்லாராலும் ஆகிற காரியமல்ல.

செலவுக் கணக்கில்தான் இடித்தது. அதே சட்டத்தின் 76-ஆவது பிரிவு தொழிலாளியிடம் வசூலிக்க அனுமதித்தவை மூன்று: ஆவணங்கள், உடல்-மனநலச் சோதனை, பயிற்சியும் தகுதிச் சான்றும். 2012-இல் ஹாங்காங் போகும் பணிப்பெண்ணுக்கு அரசே நிர்ணயித்த மொத்தச் செலவு 1,47,80,400 ரூபியா, அதாவது 13,436 ஹாங்காங் டாலர். அவ்வாண்டு செப்டம்பரில் அங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,920 டாலர். ஏறக்குறைய மூன்றரை மாதச் சம்பளம் கடனாகத் தலையில் ஏறிய பிறகுதான் அவர் விமானமே ஏறினார்.

எர்வியானா சுலிஸ்தியானிங்ஸி 2013-இல் அப்படிப் போனவர். முதலாளியின் அடி தாங்காமல் வெளியேறப் பார்த்தபோது, கடன் தீரவில்லை என்று முகவர் தன்னை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பியதாகச் சொன்னார். 2014 ஜனவரியில் உடம்பெல்லாம் புண்ணோடு ஊர் திரும்பினார். அவருடைய முதலாளிக்கு 2015 பிப்ரவரியில் 6 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. அந்த முதலாளியின் மனதை எந்த விதியும் சோதிக்கச் சொல்லவில்லை. பணிப்பெண் வைத்துக்கொள்ள ஹாங்காங் கேட்கும் முக்கியத் தகுதி 15,000 டாலர் மாத வருமானம் அல்லது அதற்கு ஈடான சொத்து. வேலை முறிந்தால் பணிப்பெண் 14 நாளில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். கடன் பாக்கி இருக்கும்போது அந்த 14 நாளை எண்ணிப் பார்த்தால், அடிபட்டும் ஏன் வாய் திறக்கவில்லை என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது.

இந்தோனேசியாவின் 2017-இன் 18-ஆம் எண் சட்டம் மனநலச் சோதனையை அப்படியே வைத்துக்கொண்டு, வேலைக்கு அனுப்பும் செலவைத் தொழிலாளி மேல் சுமத்தக் கூடாது என்றது. வீட்டு வேலை, முதியோர் பராமரிப்பு, மீன்பிடிக் கப்பல் உட்பட 10 தொழில்களுக்கு 2020-இல் விதி எழுதினார்கள். செலவு முதலாளிகள் மேல் விழும் என்பதால் தைவான் எதிர்த்தது. பல வருடச் சுரண்டலுக்குப் பிறகு வந்த விதியை அந்த எதிர்ப்புக்காக நீர்த்துப்போக விடக் கூடாது.

இன்னொன்று, புறப்படுமுன் ஒரு முறை சோதித்தால் போதாது. மனம் உடைவது போன இடத்தில். சிங்கப்பூரில் பணிப்பெண்களுக்கு 6 மாதத்துக்கொரு முறை மருத்துவப் பரிசோதனை உண்டு. 2021 முதல் மருத்துவர் எடை பார்க்கிறார், காயம் இருக்கிறதா என்று பார்க்கிறார், அப்போது முதலாளி உடனிருக்கக் கூடாது. அதே அறையில் இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்க்கலாம்: இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், கடன் பாக்கி எவ்வளவு, வீட்டாரோடு கடைசியாகப் பேசியது என்றைக்கு? பணிப்பெண்ணின் தாய்மொழியிலேயே கேட்க வேண்டும். பரிசோதனைச் செலவை அங்கே ஏற்கெனவே முதலாளிதான் கட்டுகிறார்.