தரவினமும் நிரல்மொழியின் இயல்பும்

கணினி நிரலில் வரும் ஒவ்வொரு மதிப்புக்கும் ஓர் இனம் உண்டு: முழு எண், பின்ன எண், எழுத்துச் சரம், மெய் அல்லது பொய் என்னும் விடை. பாடநூல்கள் இதைத் தரவினம் என்கின்றன. எந்த இனம் எதோடு சேரலாம், எதோடு சேரக் கூடாது என்று வகுக்கும் விதிகளின் தொகுப்பே தரவின அமைப்பு. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதன்று. 'மாடு வந்தான்' என்றால் திணை வழு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுக்கள் ஏழு என்கிறது நன்னூல். நிரல்மொழியில் வழு காக்கும் வேலை தரவின அமைப்புடையது.

புதுக்கோட்டையின் தொலைபேசிக் குறியீட்டையே எடுத்துக்கொள்ளலாம்: 04322. பார்வைக்கு எண், பயன்பாட்டில் பெயர். யாரும் இதைக் கூட்டுவதோ பெருக்குவதோ இல்லை. சி++ நிரலில் இதை மேற்கோள் குறியின்றி முழு எண்ணாக எழுதினால், முன்னால் நிற்கும் சுழியத்தைக் கண்டு எட்டடிமான எண் என்று கணினி கொள்ளும். திரையில் 2258 வரும். விசைப்பலகை வழியே முழு எண்ணாக வாங்கினால் சுழியம் உதிர்ந்து 4322 மிஞ்சும். சரமாக வைத்தால் மட்டுமே குறியீடு சிதையாது. அஞ்சல் குறியீடும் அப்படியே. புதுக்கோட்டையின் 622001-ஐ அறந்தாங்கியின் 614616-உடன் கூட்டினால் 1236617 கிடைக்கும். அதற்குப் பொருளே இல்லை.

வழுவை எப்போது பிடிப்பது என்பதில் மொழிகள் இரு வழியாகப் பிரிகின்றன. தமிழ்நாட்டில் 2018 முதல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் மாணவர் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படிக்கிறார். இரண்டு ஆண்டில் இரண்டு வழிகளையும் பார்த்துவிடுகிறார். சி++ மொழியில், மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடமான மாறியின் இனத்தை முதலிலேயே அறிவிக்க வேண்டும். முழு எண் மாறியில் சரத்தை இட்டால் நிரல் ஓடுமுன்பே, அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் மறுத்துவிடும். பைத்தானில் இனம் மாறிக்கு உரியதன்று, மதிப்புக்கு உரியது. ஒரே மாறியில் இப்போது எண்ணும் பிறகு சரமும் இருக்கலாம். சரத்தோடு எண்ணைக் கூட்டும் வரி இருந்தால், அந்த வரி ஓடும்போதுதான் பிழை வெளிப்படும். அரிதாக ஓடும் வரியானால் பிழை பல மாதம் மறைந்துகிடக்கும்.

மொழியின் மற்ற வசதிகளும் இந்த வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன. சி++ மொழியில் எண்ணுக்கு ஒன்று, சரத்துக்கு ஒன்று என ஒரே பெயரில் இரண்டு செயற்கூறுகள் எழுதலாம். தரவினத்தைப் பார்த்துக் கம்பைலர் உரியதைத் தேர்ந்தெடுக்கும். இதுவே பணிமிகுப்பு. பைத்தானில் அதே பெயரில் இரண்டாவதாக எழுதியது முதலாவதை அழித்துவிடும். மாறாக, பைத்தானின் பட்டியலில் எண்ணும் சரமும் கலந்து இருக்கலாம். சி++ அணியில் ஓரினமே இருக்க முடியும்.

இலக்கணத்தில் வழுவமைதி உண்டு. பசுவை அன்பு மிகுதியால் 'என் அம்மா வந்தாள்' என்பது ஏற்கப்படும். நிரலில் முழு எண் நாம் கேளாமலே பின்ன எண்ணாக மாறுவது அத்தகையது. ஜாவாஸ்கிரிப்ட் இதில் தாராளமானது: சரமான 5-உடன் எண்ணான 5-ஐக் கூட்டினால் பிழை சொல்லாது, 55 என்ற சரத்தைத் தரும். பைத்தான் அதை ஏற்காது.

தமிழிலேயே நிரல் எழுத முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி பைத்தானின் மேல் அமைந்தது. மாறியின் இனத்தை அதிலும் அறிவிக்க வேண்டியதில்லை. புதிதாகக் கற்பவருக்கு இது எளிது. நிரல் பெரிதாகும்போது முன்சோதனை தேவைப்படுகிறது. அதனால்தான் ஜாவாஸ்கிரிப்டுக்குத் தரவினம் சேர்த்து 2012இல் டைப்ஸ்கிரிப்ட் வந்தது. 2015இல் வந்த பைத்தான் 3.5, இனக்குறிப்பு எழுத முறையான வழி தந்தது. சி++ மொழியோ 2011இல், தொடக்க மதிப்பைப் பார்த்து மாறியின் இனத்தைத் தானே உய்த்தறியக் கற்றது. இரு வழிகளும் ஒன்றையொன்று நெருங்குகின்றன.

எந்த மொழியானாலும் மதிப்பின் இனத்தை முடிவு செய்வது நிரல் எழுதுபவரே. அந்த முடிவு தவறினால் 04322 என்பது எண்ணன்று என்று எந்தக் கம்பைலரும் சொல்லித் தராது.