விஷச்செடியின் பேர், வீட்டுக்கதவுக்கு மரம்... 'வெஸ்டர்ன் ஹெம்லாக்' வாங்கலாமா?

மரக்கடையில் 'கனடியன் ஹெம்லாக்' என்று ஒரு மரத்தைக் காட்டினால், உடனே போனை எடுத்துத் தேடுவீங்க. சாக்ரடீஸுக்குக் கொடுத்த விஷம்னுதான் முதல்ல வரும். பயப்படாதீங்க! அது ஒரு செடி. இது பைன் குடும்பத்து ஊசியிலை மரம். இலையைக் கசக்கினால் அந்த விஷச்செடியின் வாடை அடிக்கிறது என்று யாரோ வெச்ச பேர் ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான். மரத்தில் விஷம் இல்லை.

நிழலில் காத்திருக்கும் மரம்

அலாஸ்காவிலிருந்து வடக்கு கலிஃபோர்னியா வரையிலான பசிபிக் கரையோர மழைக்காடுகள்தான் இதன் சொந்த ஊர். 1947 முதல் வாஷிங்டன் மாநிலத்தின் மரமும் இதுதான். சாதாரணமாகவே 50 மீட்டர் வளரும். 80 மீட்டரைத் தாண்டியவையும் உண்டு. 400 வருஷத்துக்கு மேல் வாழும்.

வெளிச்சம் இல்லாவிட்டால் பல மரங்களின் கன்றுகள் செத்துப்போகும். இது பெரிய மரங்களின் நிழலிலேயே பல வருஷம் பொறுமையா நிற்கும். மேலே ஒரு மரம் சாய்ந்து வெயில் விழுந்ததும் விறுவிறுன்னு கிளம்பிடும். விழுந்து மக்கும் கட்டைகள் மேலேயும் விதை முளைக்கும். காலப்போக்கில் கட்டை கரைந்துவிட, மரம் வேர்க்கால்களில் நிற்கிற மாதிரி தெரியும். ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் ஹோ மழைக்காட்டில் இதைப் பார்க்கலாம்.

பூச்சிக்கு அசராது, ஆனால்...

ஜப்பானிலிருந்து வந்த, பஞ்சு போர்த்தியது போன்ற ஒரு சாறுறிஞ்சிப் பூச்சி 1951-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கண்டுபிடிக்கப்பட்டது. கிழக்குப் பகுதி ஹெம்லாக் காடுகளை அது அழிச்சுக்கிட்டே வருது. மேற்கு ஹெம்லாக்கிலும் அந்தப் பூச்சியினம் இருக்கு. ஆனால், மரம் பெரும்பாலும் தாங்கிக்குது. காலம் காலமாகச் சேர்ந்தே வாழ்வதும், பூச்சியைத் தின்னும் வண்டுகள் அங்கேயே இருப்பதும் முக்கியக் காரணங்கள். அந்த வண்டுகளைப் பிடித்துப்போய் கிழக்குக் காடுகளில் விடுகிறார்கள்.

அதுக்காக இது நோயே வராத மரம் இல்லை. குள்ளப் புல்லுருவியும் வேரை அழுகவைக்கும் பூஞ்சையும் இதைப் பாடாய்ப்படுத்தும். பட்டை மெல்லிசு, வேர் ஆழமில்லை. அதனால் காட்டுத்தீயும் சூறைக்காற்றும் எமன்கள்.

வெட்டிய பிறகு?

வெளிர் நிறம், நேரான ரேகை, பிசின் தொல்லை குறைவு. இழைக்கவும் பெயின்ட் அடிக்கவும் வசதி. கதவு, ஜன்னல், உத்தரம், அலங்காரச் சட்டங்கள் எல்லாம் செய்யலாம். காகிதக்கூழும் ரேயான் துணியும்கூட இதிலிருந்து வருது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து இந்தியாவுக்கும் இறக்குமதியாகுது.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். காட்டில் பூச்சியைத் தாங்குகிற மரம், கதவான பிறகு கரையானைத் தாங்கும்னு அர்த்தமில்லை. தேக்கின் வைரத்தில் இயற்கையாகவே பாதுகாப்பு இருக்கு. ஹெம்லாக்கின் வைரத்துக்கு அந்த பலம் கிடையாது. ஈரம் பட்டால் உளுத்துப்போகும்.

வாங்கும் முன் இதைக் கேளுங்க

* சூளையில் உலர்த்தியதா? இந்த மரத்தில் ஆங்காங்கே ஈரம் தங்கும். சரியாகக் காயாவிட்டால் கோணிக்கும்.
* எங்கே போடப் போறீங்க? அறைக்கதவு, ஷெல்ஃப் போன்ற உள்வேலைக்கு நல்லா இருக்கும். வாசல் நிலை, பாத்ரூம் என்றால், அழுத்தத்தில் மருந்து ஏற்றிய மரம்தானா என்று பார்த்து வாங்குங்க.
* மருந்து ஏற்றிய மரத்தை ஆசாரி அறுத்தால், அறுத்த முனைகளில் மறுபடி மருந்து பூசச் சொல்லுங்க. கரையான் நுழைய அந்த முனை போதும்!