வாக்குச்சாவடி மேசையில் உட்கார்ந்திருப்பவர்

ஓட்டுப் போடப் போனால் சாவடிக்குள் நாம் இருப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் மூன்று நான்கு அலுவலர்களைக் கடந்து போகிறோம். இவர்கள் யார், உங்களிடம் எப்படி நடந்துகொள்ளக் கடமைப்பட்டவர்கள், தவறினால் நீங்கள் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இவர்கள் தேர்தல் ஆணையத்தின் நிரந்தர ஊழியர்களா? இல்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள். மற்ற அரசுத் துறையினரும் உண்டு. ‘தேர்தல் டியூட்டி’ உத்தரவு வந்ததும் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தவர்கள். 2024 மக்களவைத் தேர்தலுக்கு நாடு முழுவதும் ஏறத்தாழ பத்தரை லட்சம் வாக்குச்சாவடிகள் அமைந்தன. பாதுகாப்புப் படையினரையும் சேர்த்துச் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் பணியாற்றுவார்கள் என்று ஆணையம் அறிவித்தது. சம்பளம் எந்தத் துறை கொடுத்தாலும் தேர்தல் காலத்தில் இவர்கள் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

“எங்கள் ஊர் வாத்தியாரே எங்கள் பூத்தில் உட்கார்ந்தால் பாரபட்சம் வராதா?” நியாயமான சந்தேகம். அதனால்தான் யாருக்கு எந்தச் சாவடி என்பதைக் கணினிக் குலுக்கல் முடிவு செய்கிறது. மூன்று கட்டமாக அது நடக்கும். சொந்தத் தொகுதியிலோ, வேலை பார்க்கும் தொகுதியிலோ ஒருவரைப் போடுவதில்லை. எந்தச் சாவடி என்பது கிளம்பும் நேரத்தில்தான் தெரியும். முன்கூட்டியே யாரும் போய் ‘பார்த்துக்கொள்ள’ வழியில்லாமல் செய்த ஏற்பாடு இது.

அவருக்கும் ஒரு கட்சி பிடித்திருக்குமே? இருக்கலாம். அவரும் வாக்காளர்தான். பணிக்குப் போவதால் தபால் ஓட்டோ, பணிச் சான்றைக் காட்டிப் போடும் ஓட்டோ அவருக்கு உண்டு. ஒரு வேட்பாளருக்குச் சாதகமாக எதையும் செய்யக் கூடாது என்று தடுக்கும் சட்டப்பிரிவே, தன் வாக்கை அளிப்பதை மட்டும் விலக்கிச் சொல்கிறது. அவர் மனதில் யார் இருக்கிறார் என்று நாம் கேட்க வேண்டியதில்லை. அன்று அவர் கை என்ன செய்கிறது, வாய் என்ன சொல்கிறது என்பதே கேள்வி. “யாருக்குப் போடப் போறீங்க?” என்று பேச்சுவாக்கில் கேட்பதுகூடத் தவறு. வாக்காளரைத் தூண்டவோ தடுக்கவோ முயன்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வாக்கின் ரகசியத்தை உடைத்தால் மூன்று மாதம் வரை.

உள்ளூர்க் கட்சிக்காரர் அன்போடு அனுப்பும் பிரியாணியையும் அவர்கள் வாங்கக் கூடாது. இது கடுமையாகத் தோன்றலாம். எனக்கு இது மிகச் சரி. ஒரு கட்சி முகவர் வாங்கிக் கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, மாலையில் அவரையே “வெளியே போங்கள்” என்று சொல்வது யாருக்கும் எளிதல்ல.

இனி மேசைக்கு வருவோம். முதல் அலுவலர் உங்கள் அடையாளத்தைச் சரிபார்த்து, வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பார். ஏன் சத்தமாக? பின்னால் இருக்கும் வாக்குச்சாவடி முகவர்கள் (வேட்பாளர்கள் சார்பில் உட்கார்ந்திருப்பவர்கள்) கேட்டு, தங்கள் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். முணுமுணுத்துப் படிக்கும் அலுவலர் கள்ள ஓட்டுக்குத் தன்னை அறியாமலே கதவைத் திறந்து வைக்கிறார். உங்கள் பெயரை உரக்கச் சொன்னால் கூச்சப்படாதீர்கள்.

அடையாள அட்டையில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் திருப்பி அனுப்புவார்களா? கூடாது. நீங்கள்தான் அவர் என்று உறுதியாகிவிட்டால் சின்ன எழுத்துப் பிழைகளைப் பொருட்படுத்த வேண்டாம் என்றுதான் அவர்களுக்கு அறிவுரை. வாக்காளர் அட்டை கையில் இல்லையென்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை போன்ற, ஆணையம் அனுமதித்த வேறு ஆவணம் போதும். ஆனால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பெயர் இல்லையென்றால் எந்த அட்டையும் உதவாது. அந்த இடத்தில் அலுவலரிடம் மல்லுக்கு நின்று பயனில்லை, பெயரைச் சேர்க்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

இரண்டாமவர் இடது ஆள்காட்டி விரலில் அழியாத மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிச் சீட்டுத் தருவார். மை வேண்டாம் என்று மறுத்தால் ஓட்டு இல்லை. மூன்றாமவர் சீட்டை வாங்கிக்கொண்டு கட்டுப்பாட்டுக் கருவியில் ஒரு பொத்தானை அழுத்திய பிறகுதான் மறைவுக்குள் இருக்கும் கருவி உங்கள் ஒரு வாக்குக்குத் தயாராகும்.

இவர்கள் அனைவருக்கும் மேல் வாக்குச்சாவடி தலைமை அலுவலர் இருக்கிறார். அன்று அந்த அறைக்குள் முடிவெடுப்பவர் அவர். அவருக்கு வேண்டிய குணம் என்னவென்று கேட்டால் நேர்மையை முதலில் சொல்லலாம். அதற்கு இணையாக நான் வைப்பது, புண்படுத்தாமல் ‘முடியாது’ என்று சொல்லத் தெரிவது. பார்வை குறைந்த மூதாட்டிக்குத் துணையாக வந்தவர், அடுத்த பாட்டிக்கும் தானே போடுகிறேன் என்பார். துணைக்கு வருபவர் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஒரே நாளில் ஒருவருக்கு மட்டும்தான் துணை நிற்கலாம். எழுதப் படிக்கத் தெரியாது என்பது மட்டும் துணை வைத்துக்கொள்ளக் காரணம் ஆகாது. அப்படிப்பட்டவருக்குத் தலைமை அலுவலர் அட்டை மாதிரியைக் காட்டி, எல்லார் கண் முன்னும் விளக்கலாம். “இங்கே அழுத்துங்கம்மா” என்று உண்மையான கருவியில் விரலை வைத்துக் காட்டினால், எவ்வளவு நல்லெண்ணம் இருந்தாலும், அது குற்றத்தின் எல்லைக்குள் போய்விடும்.

சாவடியில் யாராவது உங்களிடம் எரிந்து விழுந்தால்? பொறுத்துக்கொண்டே தீர வேண்டும் என்பதில்லை. ஆனால் அவர் நாள் எப்படிப்பட்டது என்பதும் தெரிய வேண்டும். முதல் நாளே கருவிகளோடு வந்து, பெரும்பாலும் ஒரு வகுப்பறையில் படுத்து எழுந்திருப்பார். காலை 7 மணி வாக்குப்பதிவுக்கு, ஐந்தரை மணிக்கே முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, முத்திரை வைக்க வேண்டும். மாலை 6 மணிக்குப் பிறகும் கணக்கெழுதி, கருவிகளை ஒப்படைத்துத் திரும்ப நள்ளிரவு ஆகிவிடும். நல்ல கழிப்பறையும், இரவில் வீடு திரும்பப் பேருந்தும் கேட்கும் பெண் ஊழியர்களின் கோரிக்கை சலுகை அல்ல. களைத்த மனிதர் கணக்கில் தவறுவார், சொல்லில் தவறுவார்.

கணக்குத் தவறினால் என்ன ஆகும்? 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா சட்டமன்றத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றார். 2016-இல் நம் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். அங்கே தலைமையாசிரியர் சான்றொப்பம் இட்ட தபால் ஓட்டுகளைத் தள்ளியது சரியா என்று வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஒரு கையெழுத்துக்கும் ஒரு கோட்டுக்கும் இவ்வளவு எடை உண்டு.

இப்போது உங்களுக்கு நேரக்கூடிய சிக்கல்கள். போய் நின்றால் “உங்கள் ஓட்டு ஏற்கெனவே போட்டாச்சு” என்கிறார்கள். திரும்பி வந்துவிடாதீர்கள். தலைமை அலுவலரிடம் போய், நீங்கள்தான் உண்மையான வாக்காளர் என்று அடையாளம் காட்டி, ஆய்வுக்குரிய வாக்கு (ஒருவர் பெயரில் வேறொருவர் வாக்களித்துவிட்டால், உண்மையானவர் காகிதச் சீட்டில் போடும் வாக்கு) கேளுங்கள். தர வேண்டியது அவர் கடமை. அது வழக்கமான எண்ணிக்கையில் சேராது, உறையில் தனியாக இருக்கும். தேர்தல் வழக்கு வந்தால் நீதிமன்றத்தின் முன் அது சான்றாக நிற்கும்.

நீங்கள் அழுத்தியது ஒரு சின்னம், விவிபாட் (போட்ட வாக்கைக் காகிதச் சீட்டில் காட்டும் கருவி) கண்ணாடிக்குள் ஏழு விநாடி தெரிந்த சீட்டில் வேறொன்று என்று தோன்றினால்? அப்போதே சொல்ல வேண்டும், வெளியே வந்து வாட்ஸ்ஆப்பில் சொல்லிப் பயனில்லை. எழுத்து மூலம் உறுதிமொழி வாங்கிக்கொண்டு, அலுவலரும் முகவர்களும் பார்க்க ஒரு சோதனை வாக்கு போடச் சொல்வார்கள். நீங்கள் சொன்னது சரியென்றால் அந்தக் கருவியில் வாக்குப்பதிவு நின்றுவிடும். பொய்யான புகாருக்குத் தண்டனை உண்டு என்று முன்பே எச்சரிப்பார்கள். அது மிரட்டல் அல்ல, சொல்ல வேண்டியது விதி.

மாலை ஆறு அடிக்கும்போது நீங்கள் வரிசையில் நின்றால் ஓட்டு உங்களுக்கு உண்டு. தலைமை அலுவலர் கையெழுத்திட்ட எண் சீட்டுகளை வரிசையின் கடைசியில் நிற்பவரிடமிருந்து கொடுக்கத் தொடங்குவார். முன்னிருந்து கொடுத்தால் பின்னால் புதிதாக ஆட்கள் சேர்ந்துகொண்டே போவார்கள் அல்லவா? சீட்டு வாங்கிய பிறகு எவ்வளவு நேரமானாலும் அவர்கள் காத்திருக்க வேண்டும், “நேரமாச்சு, கிளம்புங்க” என்று சொல்ல முடியாது.

இத்தனைக்குப் பிறகும் குறை இருந்தால் முதலில் தலைமை அலுவலரிடமே சொல்லுங்கள். முக்கால்வாசி அங்கேயே தீரும், ஏனென்றால் பல தவறுகள் அவருக்குத் தெரியாமல் அடுத்த மேசையில் நடப்பவை. தீரவில்லையென்றால், சாவடிகளைச் சுற்றி வரும் மண்டல அலுவலரிடம் பேசலாம். அல்லது 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். அழைக்கும்போது சாவடி எண், தொகுதியின் பெயர், நடந்த நேரம் மூன்றையும் சொல்லுங்கள். செல்போனில் உள்ளே படம் எடுக்க முயலாதீர்கள், அதற்குத் தடை உண்டு. உங்கள் புகாரே திசைமாறி, குற்றம் உங்கள் மேல் வந்துவிடும்.