எந்த ஷாட்டை விட்டுக்கொடுப்பது? பெண்கள் லக்ராஸில் தடுப்பாட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் பெண்கள் லக்ராஸில், கோல்கீப்பரோடு சேர்த்து அணிக்கு 12 பேர். கோலிலிருந்து 30 கஜம் தள்ளி ஒரு கோடு உண்டு. அதைத் தாண்டி வந்து தாக்க ஏழு பேருக்குத்தான் அனுமதி. தடுக்க ஏழு பேரும் கோல்கீப்பரும் இருக்கலாம். ஆளுக்கு ஆள் என்று கணக்கு சரியாக இருந்தாலும், இந்த ஏழு பேரும் ஆளைப் பிடிப்பதா, இடத்தைப் பிடிப்பதா என்பதைப் பயிற்சியாளர் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்.

எல்லா ஷாட்டையும் மறிக்கும் தடுப்பாட்டம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வகை ஷாட்டை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும். எதை விட்டுக்கொடுத்தால் நமக்குச் சேதம் குறைவு என்று பார்ப்பதுதான் இந்தத் தேர்வு.

முதலில் விதிகள். ஆண்கள் ஆட்டத்தைப் போல இதில் உடம்பால் மோதித் தள்ள முடியாது. கால் வேகத்தாலும் நிற்கும் கோணத்தாலும்தான் தடுக்க வேண்டும். கோலைச் சுற்றி எட்டு மீட்டர் வளைவு ஒன்று வரையப்பட்டிருக்கும். அதற்குள் நிற்கும் தடுப்பு வீராங்கனை, ஸ்டிக் எட்டும் தூரத்தில் யாரையாவது மார்க் செய்துகொண்டிருக்க வேண்டும். மூன்று நொடிக்கு மேல் சும்மா நின்றால் ஃபவுல். ஷாட் அடிக்கத் தயாராக இருப்பவருக்கும் கோலுக்கும் நடுவே, யாரையும் மார்க் செய்யாமல் குறுக்கே நிற்பதும் ஃபவுல்தான். பந்து நேராக உடம்பின் மேல் பாயும் ஆபத்தைத் தவிர்க்க வந்த விதி அது. வளைவுக்குள் பெரிய ஃபவுல் செய்தால் தண்டனை கடுமை: கோல்கீப்பர் தவிர எல்லோரும் வளைவை விட்டு விலக, பந்து கிடைத்தவர் எட்டு மீட்டரிலிருந்து கோலை நோக்கிப் பாய்வார்.

மேன்-டு-மேன் முறையில் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள். யாருக்கு யார் பொறுப்பு என்பதில் குழப்பமில்லை. பந்து வைத்திருப்பவருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்காது. ஆனால் ஒருவர் ஏமாந்துவிட்டால் கோலுக்கு நேர்வழி திறந்துவிடும். அங்கேதான் ஸ்லைட் வருகிறது. எதிரணி வீராங்கனை மேலிருந்து இடப்பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி வலப்பக்கம் வெட்டிவிட்டார் என்று வையுங்கள். அடுத்து உதவிக்குப் போக வேண்டியவர் “ஐ ஆம் ஹாட்” என்று முன்பே குரல் கொடுத்திருப்பார். அவர் தன் ஆளை விட்டுவிட்டுப் பந்தை நோக்கிப் பாய்வார். “டூ” என்று சொல்லி வைத்திருந்தவர் அவர் விட்ட ஆளை எடுத்துக்கொள்வார். இதில் அரை நொடி தாமதித்தால், உதவிக்கு வந்தவர் ஷாட்டின் பாதையில் குறுக்கே வந்து ஃபவுல் வாங்குவார். ஸ்லைட் சீக்கிரம் வர வேண்டும், பக்கவாட்டுக் கோணத்தில் வர வேண்டும்.

சோன் முறையில் ஆளுக்குப் பதில் இடத்துக்குப் பொறுப்பு. கோலுக்கு முன்னே கூட்டம் இருப்பதால், வெட்டி உள்ளே நுழைவது கடினம். எதிரணி வெளியே பந்தைச் சுற்றிச் சுற்றிக் கடத்தும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவு ஆட்டங்களில் 2017 முதல் 90 நொடி ஷாட் கிளாக் இருப்பதால், அந்த ஒவ்வொரு பாஸும் தடுப்பவர்களுக்கு லாபம். கடைசியில் தூரத்திலிருந்து அவசர ஷாட் வரும். சோன் விட்டுக்கொடுப்பது அந்தத் தூர ஷாட்டைத்தான்.

இங்கே ஒரு தவறான எண்ணம் உண்டு: ஆளைப் பிடிக்கத் தெரியாத அணிக்கு சோன் சுலபம் என்பது. கூடைப்பந்தில் ஓரளவு உண்மையாக இருக்கலாம். இங்கே மூன்று நொடி விதி அதை அனுமதிக்காது. தன் பகுதிக்குள் எவர் நுழைந்தாலும் உடனே ஸ்டிக் தூரத்துக்குள் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். அவர் அடுத்த பகுதிக்குப் போனதும் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். வளைவுக்குள் சோனும் மேன்-டு-மேன் ஆகிவிடுகிறது. அதனால் பள்ளி அணிகளுக்கு முதலில் மேன்-டு-மேன் கற்றுக்கொடுப்பதே நல்லது.

இரண்டையும் கலப்பதும் உண்டு. எதிரணியின் நட்சத்திரத்தை ஒருவர் முகத்துக்கு முகம் ஒட்டிக்கொண்டு பந்தே போகாமல் மறிக்க, மற்ற ஆறு பேர் சோனில் நிற்பார்கள். 2021 என்சிஏஏ இறுதியாட்டத்தில் பாஸ்டன் காலேஜ் சிரக்யூஸை 16–10 என்று வென்றபோது, சார்லட் நார்த் ஒருவரே ஆறு கோல் அடித்தார். அப்படி ஒருவர் எதிரே இருந்தால் இந்த வழியை யோசித்தே ஆக வேண்டும். பதிலுக்கு, எதிரணியில் மிச்சமிருக்கும் ஆறு பேருக்கு ஆடுகளம் விரிந்துவிடும்.

தேர்வு செய்யும்போது முதலில் கோல்கீப்பரைக் கேளுங்கள். தூரத்து ஷாட்டைப் பார்த்துப் பிடிப்பவர் என்றால் சோன் அவருக்கு உதவும். கிட்டத்து ஷாட்டுக்குப் பாய்ந்து மறிப்பவர் என்றால், வெளியே அழுத்தம் கொடுக்கும் மேன்-டு-மேன் பொருந்தும். அடுத்து கால்கள்: பயிற்சியில் ஒன்றுக்கு ஒன்று விட்டுப் பாருங்கள். எதிராளியைப் பழக்கமில்லாத கைப்பக்கம் திருப்பிவிட எத்தனை பேரால் முடிகிறது? ஓரிருவர்தான் என்றால் ஸ்லைட் ஓயாமல் தேவைப்படும். சுலபமில்லை என்றாலும் அந்த அணிக்கு சோன் நல்லது. மூன்றாவது, பேச்சு. வாய் திறக்காத அணிக்கு எந்த முறையும் உதவாது. சோன் அறவே உதவாது.

முடிவெடுத்த பிறகு, ஒவ்வொரு ஆட்டத்திலும் வாங்கிய கோல்கள் எங்கிருந்து வந்தன என்று ஒரு தாளில் வளைவை வரைந்து புள்ளி வையுங்கள். சோன் ஆடியும் புள்ளிகள் கோலுக்கு முன்னே குவிந்தால், ஒப்படைப்பில் கோளாறு. மேன்-டு-மேன் ஆடி எட்டு மீட்டர் கோட்டில் குவிந்தால், ஸ்லைட் தாமதமாகி ஃபவுல் ஆகிறது. நீங்கள் விட்டுக்கொடுக்கத் தீர்மானித்த இடத்திலிருந்தே கோல்கள் வந்திருந்தால் முறையை மாற்ற அவசரப்பட வேண்டாம். அந்த ஷாட்டை எடுப்பவர் மேல் இன்னும் கொஞ்சம் அழுத்தம் கூட்டினால் போதும்.