வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் சாறு

கேரளத்து வீட்டுக் கொல்லைகளில் அடிமரத்திலிருந்தே கொத்துக்கொத்தாய்க் காய்க்கும் இரும்பன் புளி. ஊறுகாய்க்கும் மீன் குழம்புக்கும் ஆகிற காய். கொழுப்பு குறையும் என்று நம்பிச் சிலர் அதைப் பிழிந்து சாறாகவே குடித்தார்கள். அப்படிக் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை 2013இல் அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது.

காரணம் ஆக்ஸலேட். பல தாவரங்களில் இயல்பாகவே இருப்பதுதான். குழம்பில் இரண்டு காய் விழுந்தால் ஒன்றும் ஆவதில்லை. சாறு என்றால் பல காய்களின் ஆக்ஸலேட் ஒரே டம்ளரில் இறங்கிவிடுகிறது. சாப்பாட்டோடு உள்ளே போனால், உணவில் உள்ள கால்சியம் குடலிலேயே அதைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். வெறும் வயிற்றில் அந்தக் காவல் இல்லை. ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்கு வரும் ஆக்ஸலேட், அங்கே கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகி நுண்குழல்களை அடைக்கிறது.

பசலைக்கீரையிலும் இது அதிகம். உடலைச் ‘சுத்தம்’ செய்யப் பச்சைக் கீரைச் சாறு குடித்து, 65 வயதுப் பெண் ஒருவர் சிறுநீரகச் செயல்பாட்டையே இழந்த செய்தி 2018இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. அவருக்கு முன்பே இரைப்பை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக்கும் எடுத்திருந்தார். இரண்டுமே ஆக்ஸலேட்டைக் கூடுதலாக உறிஞ்ச வைக்கக்கூடியவை. எனவே கீரையைக் கண்டு ஓட வேண்டியதில்லை. வேகவைத்துத் தண்ணீரை வடித்து, தயிர்ச் சாதத்தோடு சாப்பிடலாம்.

தேயிலையிலும் ஆக்ஸலேட் உண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் தினமும் 16 டம்ளர் ஐஸ் டீ குடித்த 56 வயதுக்காரர் டயாலிசிஸுக்குப் போனது 2015இல் வெளியானது. நம் டீயில் பால் சேர்வது நல்லதாகப் போயிற்று!

சாறு குடித்துச் ‘சுத்தம்’ செய்ய நினைப்பதில் வேடிக்கை, சிறுநீரகத்தைக் கழுவ யாரும் மெனக்கெட வேண்டியதே இல்லை என்பதுதான். அது ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, பெரும்பகுதியை மீண்டும் உடலுக்கே திருப்பிக் கொடுக்கிறது.

சாறால் வருபவை அரிதான விபத்துகள். ஆனால் நம் இட்லித் தட்டில் சேரும் உப்பின் விவகாரம் வேறு. அது வருடக்கணக்கில் நடப்பது. மாவில் உப்பு, சட்னியில் உப்பு, சாம்பாரில் உப்பு, இட்லிப் பொடியிலும் உப்பு. போதாக்குறைக்கு ஒரு வடை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் போனால் ரத்த அழுத்தம் ஏறும். நீரிழிவுக்கு அடுத்து சிறுநீரகத்தை அதிகம் கெடுப்பது இந்த அழுத்தம்தான். சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்ட பிறகும் பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் ஆகிய பரிசோதனைகள்தான் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

மாற்று உப்பு நல்ல வழிதான். சீனக் கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், சோடியத்தில் ஒரு பங்கைப் பொட்டாசியமாக மாற்றிய உப்பு பக்கவாதத்தை 14 சதவீதம் குறைத்தது. 2021இல் முடிவு வந்தது. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். கடையில் ‘லோ சோடியம்’ பாக்கெட்டை எடுப்பவர்கள் கிரியேட்டினின் அளவை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.